கையறுநிலை அன்று, கைவினை: எக்ஸ் ஜப்பான் காணொளிகளை முன்வைத்து

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இசையிலும் இலக்கியத்திலும் ஒருசேர ஈடுபாடு கொண்ட நண்பர்கள் ஐவர் ஓரிடத்தில் கூடி, எக்ஸ் ஜப்பான் என்னும் ஜப்பானிய ஹெவி மெட்டல் குழுவின் காணொளிகளை அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் பாடல் காட்சிகள். பிறகு மேடை நிகழ்ச்சிகள். நிறைவாக, 1997 டிசம்பர் 31 அன்று டோக்கியோ டோம் அரங்கில் நடந்த 'த லாஸ்ட் லைவ்'. கித்தார்க் கலைஞர் ஹிடேயின் முகம் திரையை நிறைத்தபோது நண்பர் ஒருவர் பெருமூச்செறிந்து சொன்னார்: "சாகப்போகிறவன் என்பது முகத்திலேயே எழுதியிருக்கிறது பாருங்கள்." மற்றவர்கள் தலையசைத்தார்கள். நாமும் தலையசைத்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

வீடு திரும்பும் வழியில்தான் அந்தத் தலையசைப்பு உறுத்தத் தொடங்கியது. அந்த முகத்தில் உண்மையில் என்ன எழுதியிருந்தது? வியர்வை இருந்தது. ஒப்பனை இருந்தது. அடுத்த சுரத்தை எதிர்நோக்கும் கவனம் இருந்தது. சாவு இருக்கவில்லை. சாவை நாம்தான் கையோடு கொண்டுபோய் அந்த முகத்தில் ஒட்டினோம். அந்நிகழ்ச்சி முடிந்து நான்கு மாதம் கழித்து, 1998 மே 2 அன்று, 33 வயதில் ஹிடே இறந்தார் என்பது நமக்குத் தெரியும். மேடையில் நின்ற அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததை அவருக்கும் தெரிந்ததாக ஆக்கிப் பார்ப்பதற்கு நாம் ரசனை என்று பெயர் வைத்திருக்கிறோம். அது ரசனையன்று, நிமித்தம் பார்த்தல்.

இக்குழுவின் காணொளிகளைப் பற்றி உலகெங்கும் எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி இந்த நிமித்தம் பார்த்தலாகவே இருக்கிறது என்பதும், இது ஒரு கலைஞனுக்கு நாம் இழைக்கக்கூடிய நுட்பமான அநீதிகளுள் ஒன்று என்பதும் நம் வாதம். இக்காணொளிகள் இரங்கற்பாக்கள் அல்ல. இவை வேலையின் ஆவணங்கள். அப்படிப் பார்த்தால் மட்டுமே இவற்றில் இருப்பது கண்ணுக்குப் படும்.

*

குழுவை அறியாதோர்க்குச் சில செய்திகளைச் சொல்லிவிடுவோம். சிபா மாகாணத்தின் தடெயாமா என்னும் கடற்கரை ஊரில் சிறுவயது முதலே நண்பர்களாக இருந்த யோஷிகியும் டோஷியும் 1982-இல் தொடங்கிய குழு இது. யோஷிகி டிரம்ஸும் பியானோவும் வாசிப்பவர். பாடல்களில் பெரும்பாலானவற்றை இயற்றியவரும் அவரே. டோஷி பாடகர். குழுவின் பெயர் அப்போது 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்துதான். 1986-இல் யோஷிகி எக்ஸ்டசி ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1988-இல் 'வேனிஷிங் விஷன்' என்ற முதல் இசைத்தொகுப்பு அதன் வழியாகவே வந்தது. பெரிய நிறுவனமான சிபிஎஸ் சோனி வெளியிட்ட 'ப்ளூ ப்ளட்' 1989-இலும், 'ஜெலசி' 1991-இலும் வந்தன. இக்காலத்தில் ஹிடேயும் பாடாவும் கித்தார் வாசித்தனர். டைஜி பேஸ் கித்தார். 1992-இல் டைஜி விலக, அவரிடத்தில் ஹீத் சேர்ந்தார். அமெரிக்காவில் 'எக்ஸ்' என்ற பெயரில் முன்பே ஒரு குழு இருந்தமையால் பெயர் 'எக்ஸ் ஜப்பான்' ஆயிற்று. 1993-இல் 29 நிமிடம் நீளும் ஒரே பாடலாக 'ஆர்ட் ஆஃப் லைஃப்', 1996-இல் 'டாலியா'. பாடகர் டோஷி பிரிந்துபோக, 1997 செப்டம்பரில் குழு கலைவதாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு நடந்ததே நாம் மேலே சொன்ன டிசம்பர் 31 நிகழ்ச்சி.

இந்தப் பதினைந்து ஆண்டுக் காலத்தில் குழு காணொளிகளைத் தொடர்ந்து வெளியிட்டுவந்தது. 'விஷுவல் ஷாக்' என்ற பொதுத்தலைப்பில் வரிசை எண்ணிட்டு வந்தவை அவற்றுள் முதன்மையானவை. சிலவற்றில் பாடல் காட்சிகள். சிலவற்றில் மேடை நிகழ்ச்சிகள். ஒரு மாலை முழுவதும் இவற்றை வரிசையாகப் பார்ப்பவர்க்கு, ஐந்து இளைஞர்கள் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு, அதில் தேர்ந்து, பின் அதை இறுக்கமாக்கிக்கொண்டே போனது ஆண்டுவாரியாகத் தெரியும். ஆனால் அப்படிப் பார்க்கவிடாமல் இரண்டு தரப்பார் வழிமறிக்கிறார்கள்.

*

முதல் தரப்பார் தூய இசைவாதிகள். இவர்களுக்குக் காணொளி என்பதே ஒரு வணிகச் சரக்கு. "கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், கேட்கத்தக்கது எது என்று தெரிந்துவிடும். கூம்புபோல் நிமிர்த்திய முடியும் முகப்பூச்சும் கறுப்புத் தோலாடையும் இசை தெரியாதவர்க்கான வேடிக்கை" என்பது இவர்கள் வாதம். மெட்டல் இசையின் அன்பர்களிடையே இது செல்வாக்குள்ள வாதம். வேகத்தையும் துல்லியத்தையும் மட்டுமே அளவுகோலாகக் கொண்டு, மற்றவற்றை ஒப்பனை என்று ஒதுக்குவது.

ஒப்பனை என்ற சொல்லை இவர்கள் இழிசொல்லாகப் பயன்படுத்துவதைத்தான் நாம் முதலில் மறுக்கிறோம். ஹிடே முறையாக அழகுக்கலை பயின்று சிகையலங்காரத்துக்கான அரசு உரிமம் பெற்றவர். யோகோசுகாவில் தாம் நடத்திய சேவர் டைகர் என்ற குழு கலைந்தபோது, இசையை விட்டுவிட்டு அந்தத் தொழிலுக்கே போய்விடலாம் என்ற மனநிலையில் இருந்தவரைத்தான் 1987-இல் யோஷிகி அழைத்துக்கொண்டார். ஆகவே அந்தக் குழுவின் தலைமுடி யாரோ ஒரு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு திணித்த வேடமன்று. அதைச் செய்யத் தெரிந்த தொழிலாளி ஒருவர் குழுவுக்குள்ளேயே இருந்தார். கித்தார் தந்தியை முறுக்குவதைப்போலவே முடியை நிமிர்த்துவதும் அவருக்குக் கற்றுத் தேர்ந்த கைவேலை. ஒன்றைக் கலை என்றும் மற்றொன்றைப் பகட்டு என்றும் பிரிக்க நமக்கு என்ன உரிமை?

'ப்ளூ ப்ளட்' தொகுப்பின் மேலுறையிலேயே காட்சி அதிர்ச்சி என்னும் பொருள்படும் முழக்கத்தை இவர்கள் அச்சிட்டார்கள். விஷுவல் கெய் என்ற பெயரில் பின்னர் ஜப்பானில் பரவிய முழு இயக்கத்துக்கும் அந்த முழக்கத்தோடு தொடர்பு கூறுவார்கள். காட்சி இவர்கள் இசைக்கு மேலே போர்த்திய துணியன்று. இசையின் ஓர் உறுப்பு. 'எக்ஸ்' என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட இடத்தில் அரங்கிலுள்ள அனைவரும் முன்கைகள் இரண்டையும் குறுக்காகப் பிணைத்து எக்ஸ் என்ற எழுத்தாக்கி ஒருங்கே குதிக்கிறார்கள். டோக்கியோ டோம் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கொள்ளும் அரங்கம். ஒலிப்பதிவில் இந்த இடம் வெறும் ஆரவாரம். காணொளியில்தான் அது தெரிகிறது: மேடையிலுள்ள டிரம்ஸின் அடிக்கு ஓர் அரங்கமே தாளமாகிறது. கண்ணை மூடிக்கொண்டவர் அந்தப் பாடலில் பாதியைக் கேட்கவே இல்லை.

பாடல் காட்சிகளுக்கும் இது பொருந்தும். 1994-இல் வந்த 'ரஸ்டி நெயில்' பாடலுக்கு அனிமே வடிவில் ஒரு காட்சி உண்டு. குழுவினரே அதில் வரைந்த உருவங்களாக வருகிறார்கள். தங்கள் உருவத்தை ஒரு பாத்திரமாக்கித் தங்களிடமிருந்தே விலக்கி நிறுத்திப் பார்க்கத் தெரிந்தவர்கள் இவர்கள் என்பதற்கு அது சான்று. இந்தச் செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

*

இரண்டாம் தரப்பாரே நம் முதன்மை எதிராளிகள். இவர்கள் காணொளியை வெறுப்பவர் அல்லர். அதன் மீது அளவற்ற அன்பு கொண்டவர்கள். அதனால்தான் இவர்கள் செய்யும் தீங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவர்களுக்கு 'த லாஸ்ட் லைவ்' ஒரு புனித நூல். ஹிடே புன்னகைத்தால் அது விடைபெறும் புன்னகை. கையசைத்தால் இறுதிக் கையசைப்பு. இறுதியில் குழுவினர் ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளும்போது, கலைந்துபோகும் ஒரு குழுவின் நியாயமான துயரத்தை இவர்கள் காண்பதில்லை. அங்கே ஓர் ஈமச்சடங்கின் ஒத்திகையைக் காண்கிறார்கள். இந்த நிகழ்ச்சி டிவிடியாக 2002-இல் வெளிவந்தது. அதற்குள் ஹிடே மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அதை வாங்கிப் பார்த்தவர் ஒவ்வொருவரும் முடிவைத் தெரிந்துகொண்டே பார்க்கத் தொடங்கினார்கள். நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, முதல் அத்தியாயத்திலேயே எல்லாம் உணர்த்தப்பட்டுவிட்டது என்று வியப்பவரைப்போல.

உண்மைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

முதலாவது, 'கடைசி நிகழ்ச்சி' என்று பெயர் பெற்ற அந்த நிகழ்ச்சி அந்த இரவில்கூடக் கடைசி நிகழ்ச்சியன்று. அதே டிசம்பர் 31 இரவில், டோமில் முடித்துக்கொண்டு, இவர்கள் என்.எச்.கே. தொலைக்காட்சியின் புகழ்பெற்ற ஆண்டிறுதிப் பாட்டு நிகழ்ச்சியான 'கோஹகு உடா காஸ்ஸென்' மேடைக்குப் போய் 'ஃபாரெவர் லவ்' பாடினார்கள். விடைபெற்று அழுது முடித்த மனிதர்கள் வண்டியேறி அடுத்த மேடைக்குப் போனார்கள். இதை நாம் ஏளனமாகச் சொல்லவில்லை. மிகுந்த மரியாதையோடு சொல்கிறோம். கலைஞர் என்பவர் தொழில் செய்பவர். ஒப்புக்கொண்ட வேலை இருந்தது, போய்ச் செய்தார்கள். ஆனால் இரங்கற்பா வாசகருக்கு இந்தச் செய்தி பிடிப்பதில்லை. டோமின் விளக்குகள் அணைந்ததோடு உலகம் முடிந்திருக்க வேண்டும் அவருக்கு.

இரண்டாவது, அந்த மேடையில் நின்ற ஹிடே எதையும் முடித்துக்கொண்டிருந்தவர் அல்லர். தொடங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய தனி இசைத்தட்டான 'ராக்கெட் டைவ்' 1998 ஜனவரி 28 அன்று வெளிவந்தது. டோம் நிகழ்ச்சிக்குப் பிறகு 28 நாள்! தம் தனி முயற்சிக்கென்று ஸ்ப்ரெட் பீவர் என்ற குழுவையும் அவர் திரட்டியிருந்தார். 'பிங்க் ஸ்பைடர்' என்ற அடுத்த தட்டு ஆயத்தமாகி, அவர் மறைந்த பதினோராம் நாள், மே 13 அன்று வெளிவந்தது. வேலை நடந்துகொண்டிருந்த 'ஜா, ஸூ' என்ற தொகுப்பை உடனிருந்தோர் முடித்து அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்டனர். மேசையின் மேல் இத்தனை வேலை விரிந்து கிடந்த ஒரு மனிதனின் முகத்தில் சாவு எழுதியிருந்தது என்று படிக்க நாம் எவ்வளவு படிப்பற்றவர்களாக இருக்க வேண்டும்!

மூன்றாவது, நமக்கு மிக முக்கியமாகப் படுவது. அதே மேடையில் நிற்கும் பேஸ் கலைஞர் ஹீத்தும் இன்று உயிரோடு இல்லை. 2023 அக்டோபரில் புற்றுநோயால் மறைந்தார். ஆக, அந்தக் காணொளியில் நாம் காணும் ஐவரில் இருவர் இன்று இல்லை. ஆனால் ஹீத்தின் முகத்தில் சாவின் குறி தெரிகிறது என்று எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. ஏன் தெரியவில்லை? அவருடைய மரணம் ஏறத்தாழ 26 ஆண்டு கழித்து நோயால் வந்தது, கதைக்குப் பொருந்தவில்லை. அதே ஒளி, அதே ஒப்பனை, அதே இரவு. ஒருவர் முகத்தில் விதி; மற்றவர் முகத்தில் வெறும் முகம். நிமித்தம் பார்க்கும் கண் எதைப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அது திரையைப் பார்ப்பதில்லை. தான் கேட்ட கதையைப் பார்க்கிறது.

முந்தைய பேஸ் கலைஞர் டைஜியையும் இங்கே நினைக்க வேண்டும். 1992 ஜனவரி 5, 6, 7 ஆகிய மூன்று நாள் டோக்கியோ டோமில் நடந்த நிகழ்ச்சிகளே முதற்காலக் குழுவில் அவருடைய கடைசி மேடை. 'ஜெலசி'யில் உள்ள 'வாய்ஸ்லெஸ் ஸ்க்ரீமிங்' என்ற பாடலுக்கு இசையமைத்தவர் அவர். 2010 ஆகஸ்டில் யோகோஹாமாவின் நிஸான் விளையாட்டரங்கில் விருந்தினராக வந்து மீண்டும் இவர்களோடு வாசித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் மறைந்தார். மரணத்தையே பொருளாகக் கொண்டு குழுவைப் பேசுகிறவர்களுக்கு டைஜியின் பேஸ் எப்படி ஒலித்தது, ஹீத்தின் பேஸ் எப்படி ஒலித்தது, முன்னதற்கும் பின்னதற்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி எழுவதே இல்லை. சாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் செத்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

*

இறந்தவர்க்கு இழைக்கும் அநீதி ஒருபுறம் இருக்கட்டும். இதே பார்வை உயிரோடிருப்பவர்க்கு என்ன செய்கிறது?

யோஷிகி இரட்டை பேஸ் டிரம்மை உச்ச வேகத்தில் வாசிப்பவர். தலையையும் கழுத்தையும் சுழற்றிச் சுழற்றி அடிப்பவர். வாசித்து முடித்ததும் டிரம்ஸைத் தள்ளி உடைப்பதும், மயங்கி விழுவதும் இக்காணொளிகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சிகள். 1989 நவம்பரில் ஷிபுயாவில் மேடையில் விழுந்தார், சுற்றுப்பயணமே நின்றது. 1996-இல் கழுத்தெலும்பிடைத் தட்டுப் பிதுங்கியதால் பயணம் தடைப்பட்டது. குழு மீண்டும் கூடிய பின், 2008 மார்ச் 28 அன்று டோமில் நடந்த முதல் நிகழ்ச்சி அவர் விழுந்ததோடு பாதியில் முடிந்தது. கழுத்தில் 2009-இல் ஓர் அறுவை, 2017-இல் செயற்கைத் தட்டு பொருத்தி இன்னோர் அறுவை, 2024-இல் மூன்றாவது.

இந்த வரிசையை ஒரு மருத்துவக் குறிப்பேடாகப் படித்தால் நமக்கு அச்சம் வர வேண்டும். ஆனால் ரசிகர் இதைப் புராணமாகப் படிக்கிறார். விழுந்தால்தான் அவர் யோஷிகி. விழாமல் வாசித்து முடித்த இரவுகள்? அவை எண்ணிக்கையில் எவ்வளவோ மிகுதி. அவற்றில்தான் இசை முழுமையாக இருக்கிறது. ஆனால் ரசிகர் பேச்சில் அந்த இரவுகள் இடம்பெறுவதில்லை. தொகுப்பாளரும் ரசிகர் விரும்புவதையே முன்னிறுத்துகிறார். ரசிகரோ தொகுப்பாளர் முன்னிறுத்துவதையே மேலும் விரும்புகிறார். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவே ஒரு மனிதனின் கழுத்து.

நாம் கைதட்டுவது எதற்கு என்று ஒருமுறையேனும் கேட்டுக்கொள்ள வேண்டும். கைதட்டல் ஒரு விலை. எதற்கு நாம் மிகுந்த விலை கொடுக்கிறோமோ அதையே சந்தை மீண்டும் கொண்டுவரும்.

*

இந்த இடத்தில் எதிர்வாதம் ஒன்று வரும், அது வலிமையானது. "நீங்கள் யாருக்காகப் பரிந்து பேசுகிறீர்கள்? அழிவை விற்றவர்கள் அவர்களே அல்லவா? 1992-இன் அந்த டோம் நிகழ்ச்சிக்கு 'அழிவை நோக்கி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியவர்கள் யார்? இரத்தமும் ரோசாவும் கண்ணீரும் அவர்கள் பாடல்களில் இல்லையா? 2008-இல் ஹிடேயின் உருவத்தை ஒளியால் எழுப்பி மேடையில் நிறுத்தியவர்கள் அவர்கள்தாமே? 2016-இல் வந்த 'வீ ஆர் எக்ஸ்' ஆவணப்படமும் இந்தத் துயரங்களைக் கோத்துத்தானே கதை சொல்கிறது? அவர்களே இட்ட கோலத்தில் நாங்கள் நடந்தால் குற்றமா?"

குற்றச்சாட்டின் ஒரு பகுதியை நாம் ஏற்கிறோம். குழுவுக்கும் அதன் காணொளிகளை விற்றோர்க்கும் இதில் பங்கு உண்டு. இறந்தவரின் ஒளியுருவை மேடையேற்றியது நமக்கு உவப்பானதன்று. ஆனால் வாதத்தின் மறுபகுதியில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. அழிவு இவர்கள் ஏற்ற வேடம். வேடம் ஏற்றவனையும் வேடத்தையும் ஒன்றாக்கிக்கொள்வது ரசிகனின் பிழையே தவிரக் கலைஞனின் ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது. தெருக்கூத்தில் துரியோதனன் தொடை பிளந்து சாகிறான். விடிந்ததும் வேடம் கலைத்து ஊருக்குப் புறப்படுகிறான். அவன் சாகும் ஒவ்வொரு இரவும் அவன் தொழில் தெரிந்தவன் என்பதற்குச் சான்று. சாவை விரும்பியவன் என்பதற்கு அன்று. 'ரஸ்டி நெயில்' காட்சியில் தங்களையே வரைந்த உருவங்களாக்கி விலகி நின்றவர்கள் இவர்கள் என்று மேலே சொன்னதை நினைவுகூர்க. வேடம் எது, தாம் எது என்ற தெளிவு இவர்களுக்கு இருந்தது. இல்லாதது நமக்கே.

இந்தத் தெளிவின்மை வெறும் ரசனைக் குறைவாக நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஹிடேயின் இறுதி வணக்க நிகழ்ச்சிக்கு, 1998 மே 7 அன்று, டோக்கியோவின் ட்சுகிஜி ஹொங்கான்ஜி கோயிலில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். சாவே அழகான முடிவு என்று அந்த நாள்களில் நம்பத் தொடங்கிய இளையோர் இருந்தனர். நம்பிக்கையோடு நில்லாமல் உயிரையும் விட்டோர் இருந்தனர். யோஷிகி பொதுவெளியில் தோன்றி, உயிரோடிருங்கள் என்று ரசிகர்களிடம் மன்றாட வேண்டியிருந்தது. ஹிடேயின் மரணத்தைக் காவல்துறை தற்கொலை என்று கூறியது. உடன் வாழ்ந்தோர் விபத்து என்றே கூறிவந்திருக்கின்றனர். தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அந்த மரணம் முன்பே எழுதப்பட்டது, அவர் முகத்தில் தெரிந்தது, அவர் இசையில் ஒலித்தது என்று சொல்லும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அதைத் தவிர்க்க முடியாததாகவும் அழகானதாகவும் ஆக்குகிறார். துயரத்தில் இருக்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை அதைப் படிக்கக்கூடும். தவிர்க்க முடியாத மரணம் என்று ஒன்று இல்லை என்பதைத்தான் அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டும். அழகியல் பேசுவோர்க்கு இந்தப் பொறுப்பிலிருந்து விலக்கு கிடையாது.

*

அப்படியானால் இறந்த கலைஞனைப் பார்க்கும்போது துயரப்படவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகத் துயரப்படலாம். துயரத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பதைத்தான் சொல்கிறோம். தமிழ் படித்தவர்க்கு அது புதிதன்று. புறத்திணையில் கையறுநிலை என்றொரு துறை இருக்கிறது. பாரி இறந்த பின் கபிலர் பாடியவற்றை நினைத்துப் பாருங்கள். பறம்பின் வளம் எப்படி இருந்தது, பாரி எப்படிக் கொடுத்தான் என்பதே அங்கே பேச்சு. அவன் உயிரோடிருந்த நாளில் அவன் நெற்றியில் சாவின் குறியைக் கண்டேன் என்று கபிலர் எங்கும் பெருமையடித்துக்கொள்ளவில்லை. நடுகல்லிலும் பெயரையும் செயலையும் பொறித்தார்கள். இழந்தது எது என்று சொல்லத் தெரியாத இரங்கல், இரங்குபவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி மட்டுமே.

இக்குழுவில் இழந்தது எது? அதைக் காண வேண்டுமானால் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக் கையில் வைக்க வேண்டும். ஹிடேயும் பாடாவும் இணைந்து வாசிக்கும் இரட்டைக் கித்தார்ப் பகுதிகளைப் பாருங்கள். ஒருவர் ஒரு சுரத்தில் நிற்க, மற்றவர் அதற்கு இயைந்த வேறொரு சுரத்தில் நின்று, இருவரும் ஒரே வேகத்தில் ஏறி இறங்குகிறார்கள். பாடா பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்பார். ஹிடே ஓடுவார், துள்ளுவார், உடம்பை வளைப்பார். ஆனால் விரல்கள் ஓடும்போது இருவர் கையும் ஒரே கணக்கில் இருக்கும். மேடையின் இரு முனைகளில் நிற்கும் இருவர் இப்படி இயைந்து வாசிக்க எத்தனை நாள் பயிற்சி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் இழந்தது. அந்தக் கை இனி இல்லை.

1993 டிசம்பர் 31 டோம் நிகழ்ச்சியில் வாசித்த 'ஆர்ட் ஆஃப் லைஃப்' டிவிடியாக 2003-இல் வந்தது. அதன் நடுவில் பியானோ தனித்து நெடுநேரம் ஒலிக்கும். முதலில் ஒழுங்காக, பிறகு ஒழுங்கு குலைந்து, சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, மீண்டும் ஒழுங்குக்குத் திரும்பும். இசைத்தட்டில் கேட்டபோது அதைப் பித்து என்று சிலர் எழுதினார்கள். காணொளியில் பாருங்கள். எங்கே குலைக்க வேண்டும், எங்கே மீள வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது. பித்து ஒரு தோற்றம். கணக்கு உள்ளே இருக்கிறது. பிறகு அதே மனிதர் எழுந்து டிரம்ஸுக்குப் போய், பாடலின் எஞ்சிய பகுதியை முழு வேகத்தில் அடிக்கிறார். அரைமணி நேரப் பாடல் ஒன்றை ஐந்து பேர் மேடையில் தூக்கி நிறுத்துகிறார்கள். வியக்க வேண்டிய இடம் இது. இதில் எவரும் விழவில்லை.

காணொளித் தொகுப்பின் மதிப்பே இதுதான் என்போம். சுரத்தை ஒலிப்பதிவு காக்கிறது. சுரத்தைப் பிறப்பித்த உடலுழைப்பைக் காணொளி காக்கிறது. உடல் போன பின்னும் உழைப்பைப் பார்க்க முடிகிறது என்பது முந்தைய தலைமுறைகளுக்குக் கிட்டாத பேறு. நமக்கு முந்தியோர் எத்தனையோ பெரும் வித்துவான்களின் விரல்களைப் பார்க்காமலேயே, கேள்விப்பட்டே வியந்து மாண்டார்கள். நமக்குப் பார்க்கக் கிடைத்திருக்கிறது. கிடைத்ததை வைத்துக்கொண்டு நாம் நெற்றியில் எழுத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு அதே நண்பர்கள் மீண்டும் கூடினால், அதே டிசம்பர் இரவை மறுபடியும் பார்ப்பதாக இருக்கிறோம். இம்முறை எவரேனும் பெருமூச்செறிந்தால் தலையசைக்கப் போவதில்லை. "அவர் இடக்கையைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லப்போகிறோம்.